மே மாதத்தைத் தாண்டும் பூக்கள்

சயன்ஸ் டீச்சரின் நினைவாகப் பள்ளி வளாகத்தில் பூம்பாத்தி அமைக்கவிருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கையருக்கு,

உங்கள் குழுவிலிருந்து சிலர் வீட்டுக்கு வந்து, "கலர் கலரா, வருஷா வருஷம் திரும்ப நட வேண்டாத செடியா, ஒரு பத்து எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குப் பத்து என்ன, முப்பதே எழுதலாம். ஆனால் பட்டியலை வாங்கியவர்கள் நேராக நர்சரிக்குப் போவார்கள். அங்கே பட்டியலில் இல்லாத செடி ஒன்று பூத்துக் குலுங்கிக்கொண்டு நிற்கும். அதையும் சேர்த்து வாங்கி வந்து, திறப்பு விழாவன்று நட்டு, படம் எடுத்துப் போடுவீர்கள். அடுத்த வருஷம் வந்து பார்த்தால் நினைவுக் கல் மட்டும் இருக்கும். இந்தச் சுற்று வட்டாரப் பள்ளிகளில் அப்படி நிற்கும் கல்லும் காய்ந்த பாத்தியும் நிறைய. அதனால்தான் பட்டியலுக்குப் பதிலாக மடல். உங்களைப் போலப் பழைய ஆசிரியருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் டீச்சரிடம் நான் படித்தவனில்லை. வட்டார அலுவலகத்தில் இருந்தபோது நாற்றுக் கேட்டு வந்து நச்சரிப்பவராக அவரைத் தெரியும். "புள்ளைங்க தொட்டுப் பாக்கணும் சார், படத்துல காட்டி என்ன பிரயோஜனம்" என்பார். அந்தப் பேச்சை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரில் போடும் பாத்தி பிள்ளைகள் தொட்டுப் பறித்துப் பிய்த்துப் பார்க்கிற பாத்தியாக இருக்க வேண்டும்; ஆள் இல்லாத மே மாதத்தையும் தாண்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்துகிற செடியாகப் பார்த்து எடுத்தால் நிறம் தானாக அமைந்துவிடும். நிறத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் அமையாது.

முதலில் மே மாதம். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்குப் பூட்டு விழுந்தால் ஜூனில்தான் திறக்கும். சிவகங்கைச் சீமையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டு விளையாடும் நாட்கள் அவை. தண்ணீர் ஊற்ற ஆளில்லை, குழாயில் வந்தாலும் போர்த் தண்ணீர் உப்பு, சுற்றுச்சுவர் இடிந்த இடம் வழியாக ஆடு வேறு வரும். நீங்கள் சந்திக்கப்போவதும் அதே மே மாதத்தில். வெளியூரில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும், புரிகிறது. கல்லை மே மாதம் திறந்துகொள்ளுங்கள். செடியை மட்டும் அன்றைக்கு நடாதீர்கள்.

இணையத்தில் பார்த்து நீங்கள் குறித்து வைத்திருந்த பெயர்களில் லாவெண்டர், பியோனி, டெல்ஃபினியம் எல்லாம் இருந்தன. அழகில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 'பெரன்னியல்' என்று அங்கே எழுதுகிறவர்கள் பனி பொழியும் ஊர்க்காரர்கள். குளிரில் மேல்பாகம் கருகி, வேர் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்ப்பதுதான் அவர்கள் சொல்லும் பல்லாண்டுச் செடி. பியோனிக்கு அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் பூவே வராது. நம் ஊரில் செடிக்குச் சோதனைக் காலம் மார்கழி இல்லை, சித்திரை வைகாசி. அதில் உறங்கி எழுகிற கிழங்கு நம்மிடமும் உண்டு. உறங்காமலே தாக்குப்பிடிக்கும் புதர்களும் உண்டு. அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இனி இடம். நீங்கள் காட்டிய இடம் நன்றாகவே இருக்கிறது. 12 அடி நீளம், 4 அடி அகலம். முதுகுப்புறம் மேற்குச் சுவர். ஆகவே காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், பிற்பகல் சுடும் வெயிலைச் சுவர் தடுத்துக்கொள்ளும். வடக்கு முனையில் வேப்ப மர நிழல் கொஞ்சம் விழுகிறது. குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. இதைவிட நல்ல இடம் அந்த வளாகத்தில் கிடையாது.

கெடுதல் வரப்போவது கொத்தனார் வேலையில். கிரானைட் பதிக்கும் ஆட்கள் மிச்சமான சிமெண்ட் கலவை, செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை எல்லாவற்றையும் பாத்தியிலேயே தள்ளி மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவது வழக்கம். மண் காரமாகிப்போகும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூச் செடியில் புதுத் தளிர் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கச் சொல்வோம். தெளித்தால் பச்சை திரும்பும், கொஞ்ச நாளில் மறுபடி வெளிறும். காரை மண்ணுக்குள் இருக்கும்வரை அந்த வைத்தியம் ஓயாது. ஆகவே கல் வேலை முழுதாக முடிந்த பிறகு ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துக் குப்பையைப் பொறுக்கி வெளியே போடுங்கள். பிறகு செம்மண், மட்கிய தொழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். கறுப்பு கிரானைட் வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது மதியம் அதில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். கல்லுக்கும் செடிக்கும் நடுவே அரை அடி விட்டுவிடுங்கள். மளமளப்பான கறுப்புக் கல்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். மேலூர்ப் பக்கம் கிடைக்கிற சாதாரணச் சாம்பல் கல்லில் எழுத்து வெட்டினால் பூ இன்னும் எடுப்பாகத் தெரியும், செலவும் குறையும்.

நினைவுக் கல்லும் பூவும் சேர்ந்திருப்பது நமக்குப் புதிதில்லை. சங்க காலத்திலேயே நடுகல்லுக்கு மாலை சூட்டி, மயிற்பீலி அணிவித்திருக்கிறார்கள். ஆனால் கல்லின் காலடியில் செடியையே வளர்த்து, அதை ஆண்டுக்கணக்காகக் காப்பாற்றும் கலையில் கைதேர்ந்தவர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தார்தான். 1917இல் தொடங்கிய அமைப்பு. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டம் அவர்கள் பராமரிப்பில் இருப்பது. விமான நிலையத்துக்குப் போகும்போது நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள். கல்லுக்கு முன்னால் குட்டையான செடியையே வைப்பது அவர்கள் வழக்கம். எழுத்து மறையக்கூடாது என்பது ஒரு காரணம். மழை பெய்யும்போது வெறும் மண் தெறித்துக் கல்லில் அப்பாமல் இலை தாங்கிக்கொள்ளும் என்பது இன்னொன்று. பிரான்ஸில் அவர்கள் அமைத்த கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றுக்கு நடவு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் கெர்ட்ரூட் ஜெக்கில் என்ற ஆங்கிலப் பெண்மணி. ஓவியம் படித்தவர், கண்பார்வை குறைந்ததால் தோட்டத்தின் பக்கம் அதிகம் திரும்பியவர். ஒரே செடியில் பலவற்றைச் சேர்த்து நீள்வாக்கில் நடுவார். நீலம், வெள்ளை போன்ற குளிர்ந்த நிறங்களைப் பாத்தியின் முனைகளில் வைத்து மஞ்சள், ஆரஞ்சு வழியாக நடுவில் சிவப்புக்கு ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய பாத்தி உங்களுடையதைப் போலப் பல மடங்கு நீளம். 12 அடிக்கு அவ்வளவு ஏற்ற இறக்கம் தாங்காது. ஒரு முனையில் நீலமும் ஊதாவும், மறுமுனையில் சிவப்பும் ஆரஞ்சும், நடுவே வெள்ளை, அவ்வளவு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு செடி என்று இருபது வகை நட்டால் அது கல்யாண வீட்டுப் பன்னீர்த் தட்டுப் போல இருக்குமே தவிர, பாத்தியாக இராது.

செடிகளுக்கு வருகிறேன்.

தெற்கு முனையில், சுவரோடு ஒரு கம்பி வலையை ஆணியடித்துச் சங்குப்பூவை ஏற்றிவிடுங்கள். நீலப்பூவே போதும், ஒற்றை அடுக்கு. விதை எங்கும் கிடைக்கும், இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். அவரைக் குடும்பத்துச் செடி. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாக நுண்ணுயிர் வீடு கட்டியிருக்கும். பூவைக் கசக்கி வெந்நீரில் போட்டால் நீலச்சாறு. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்பாகும், சோடா உப்பைப் போட்டால் பச்சைக்குத் திரும்பும். அமிலம், காரம் என்று பலகையில் எழுதிப் போடுவதைவிட இது பிள்ளைகள் மனதில் நன்றாக நிற்கும். லிட்மஸ் தாள் தீர்ந்துபோன பள்ளியில் லிட்மஸ் கொடியே சுவரில் தொங்கினால் எவ்வளவு சௌகரியம்!

வடக்கு முனையில், வேம்பின் நிழல் முழுதும் மூடாத இடத்தில், ஒரே ஒரு செம்பருத்தி. நர்சரிக்காரர் அடுக்குச் செம்பருத்தியைக் காட்டுவார். மஞ்சள், காவி, இரண்டு நிறம் கலந்தது என்று வகை வகையாக வைத்திருப்பார். வேண்டாம். பழைய, ஐந்து இதழ், ஒற்றைச் சிவப்புதான் வேண்டும். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களெல்லாம் இதழாக மாறிப்போயிருக்கும். பிளேடால் பிளந்து காட்டப் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒற்றைப் பூவில்தான் புல்லி, அல்லி, குழல் போல ஒட்டிய மகரந்தத் தாள், அதன் உள்ளே போகும் சூல்தண்டு, நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். மாவுப்பூச்சி வரும். வந்த கிளையை வெட்டி எரித்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் பெரும்பாலும் அடங்கும். ஆட்டுக்கும் இந்த இலை ரொம்பப் பிடிக்கும் என்பதால் சுவரில் உள்ள ஓட்டையை முதலில் அடையுங்கள்.

செம்பருத்தியின் அடியில், நிழல் பட்டும் படாமலும் இருக்கும் இடத்தில் மூன்று கனகாம்பரம். இந்த மூன்றுக்கும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வேரில் நூற்புழு முடிச்சு விழும். சில வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டியும் வரும். இருந்தும் சேர்க்கச் சொல்கிறேன், அந்த நிறம் வேறெதிலும் இல்லை. சந்தையில் மாலைக்குப் போகும் டெல்லிக் கனகாம்பரம் நல்ல ஆரஞ்சு, கொத்தும் பெரிது. அது மும்மய ரகம், விதை பிடிக்காது. நீங்கள் வீட்டுக் கொல்லையில் விதை விழுந்து முளைக்கும் பழைய கனகாம்பரத்தையே எடுங்கள். காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். விதை பரவுதலுக்கு இதைவிட நல்ல பாடம் எது? நூற்புழுவைக் குறைக்க இடைவெளியில் துலுக்கச் சாமந்தி இரண்டு மூன்று நட்டுவிடுங்கள். அது ஒரு பருவச் செடிதான், ஆனாலும் அதன் வேர்ச்சாறு புழுவுக்கு ஆகாது.

கல்லின் வடபுறம், கனகாம்பரம் வரைக்கும், குட்டை இட்லிப்பூ நான்கு. ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள், நடும்போது வெறிச்சென்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்சி என்று இலக்கணத்தில் படித்தது இதைத்தான். காபிச் செடியின் குடும்பம். குழல் நீளமான பூ என்பதால் நீண்ட நாக்குள்ள பட்டாம்பூச்சி தேடி வரும். பூவை இழுத்துக் காம்பு நுனியை உறிஞ்சும் பிள்ளைகளும் தேடி வருவார்கள். தடுக்காதீர்கள். வருஷத்தில் பெரும்பகுதி ஏதாவது ஒரு கொத்தாவது சிவந்து நிற்கும் செடி இது. வேர் ஊன்றிவிட்டால் மே மாதத்தில் இலை சோர்ந்தாலும் சாகாது.

தென்புறம் டிசம்பர் பூ மூன்று. உங்கள் டீச்சர் கார்த்திகையில் இறந்தவர். ஒவ்வொரு வருஷமும் நீங்கள் மாலை போட வரும் நாளை ஒட்டி எந்தச் செடி பூக்கும் என்று என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் ஊதாவாகப் பூத்துத் தள்ளும். வெள்ளையும் ரோஸும் ஊதா வரி போட்டதும் உண்டு. ஊதாவே இருக்கட்டும், பக்கத்துச் சங்குப்பூவோடு சேரும். மணம் கிடையாது. வாசமில்லாத பூ எதற்கு என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஊதாவைத் தலை நிறைய வைத்துக்கொண்டு அரையாண்டுத் தேர்வுக்குப் போன பெண்பிள்ளைகள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள், அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். மாசியில் பூ ஓய்ந்ததும் ஓரடிக்கு வெட்டிவிட்டால் கோடையில் தண்ணீர்ச் செலவும் குறைவு.

முன்வரிசையில் நித்தியகல்யாணி, ரோஸும் வெள்ளையும், ஓரடிக்கு ஒன்று. இதற்குத்தான் எதிர்ப்பு வந்தது என்று தெரியும். "சுடுகாட்டு மல்லியைப் போய் டீச்சருக்கு வைப்பதா?" சுடுகாட்டில் அது ஏன் நிற்கிறது? அங்கே யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆடு கடித்தாலும் கசந்து துப்பிவிடும், மண்ணைப் பற்றிப் புகார் சொல்லாது. நமக்கு வேண்டிய குணம் மூன்றும் இவைதானே. மடகாஸ்கரிலிருந்து வந்து உலகமெல்லாம் பரவிய செடி. 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தார்கள். பின்னால் வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றைக்கும் கொடுக்கப்படுகிறது. சயன்ஸ் டீச்சரின் பாத்தியில் இதற்கு இடமில்லை என்றால் வேறெந்தச் செடிக்கு இருக்கும்? ஒரு எச்சரிக்கை: மருந்தாகிற செடி என்பதால் இலையைத் தின்னலாம் என்று அர்த்தமில்லை, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். நர்சரியில் 'ஹைபிரிட் வின்கா' என்று ஆரஞ்சு, கருஞ்சிவப்பு எல்லாம் தொட்டியில் விற்பார்கள்; ஐப்பசி அடைமழையில் அடித்தண்டு அழுகி ஒரே வாரத்தில் சாய்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாட்டு நித்தியகல்யாணி உங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்திலேயே முளைத்துக் கிடக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அடித்தண்டு மரத்துப் போகும். அதற்குள் காலடியில் பத்துக் குட்டி முளைத்திருக்கும்.

கல்லுக்கு நேர் கீழே மட்டும் ரியோ. பூவுக்காக இல்லை, இலை மேலே பச்சை, கீழே ஊதா. அடி இலைத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் இலைத்துளைகள் பளிச்சென்று தெரியும். உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் செல்லுக்குள் ஊதாத் திரவம் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மேல்நிலை வகுப்புத் தாவரவியல் செய்முறைக்கு இந்த இலையைத் தேடி ஊர் ஊராக அலைவார்கள். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கை கழுவச் சொல்லுங்கள். ஓரடி உயரத்துக்கு மேல் பெரிதாக வளராது, கல்லின் எழுத்தை மறைக்காது.

இவற்றின் இடுக்கிலெல்லாம் மழை லில்லிக் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்துவிடுங்கள். மேலே நான் சொன்ன உறங்கி எழும் கிழங்கு இதுதான். வெயிலில் இலை கருகி அடையாளமே தெரியாமல் போகும். கோடை மழை ஒன்று ஓங்கி அடித்தால் சில நாளில் ரோஸ் நிறத்தில் பாத்தி முழுக்க நிமிர்ந்து நிற்கும். சின்ன வெங்காயம் போலிருப்பதால் யாரும் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்காதவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்பார்கள். செங்காந்தள் மாநில மலர், அதைவிட அழகான பூ எனக்குத் தெரியாது. ஆனால் கிழங்கில் உள்ள கோல்சிசின் ஆளைக் கொல்லும். பள்ளியில் கூடாது. அரளியும் அப்படியே; நெடுஞ்சாலை நடுவில் அது செழிப்பாக நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள், அங்கேயே இருக்கட்டும். உண்ணிச் செடியை நர்சரியில் அலங்காரச் செடி என்று விற்கிறார்கள். நீலகிரிக் காடுகளை அது என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்தவர்கள் அதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள். செவ்வந்தித் தொட்டி டிசம்பரில் கண்ணைப் பறிக்கும், கோடையில் சமவெளியில் தாங்காது. மதுரை மல்லியைத்தான் உங்களில் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பக்கத்துப் பூ, டீச்சரும் தினமும் வைத்துக்கொண்டு வந்தவர், ஆசை நியாயம்தான். ஆனால் மல்லி பொழிந்து தள்ளுவது கோடையில், பள்ளி பூட்டிக் கிடக்கும்போது. அப்போதுதான் அதற்குத் தண்ணீரும் அதிகம் வேண்டும். வேண்டுமானால் உங்கள் வீட்டு வாசலில் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பூக்களைப் பறிக்காதீர்கள்" என்று பலகை எழுதக் கொடுத்திருப்பதாகக் கேட்டேன். தயவுசெய்து அந்த ஆர்டரை நிறுத்துங்கள். நான் சொன்ன செடிகளில் பறித்தால் கெட்டுப்போகிற செடி ஒன்றுகூட இல்லை. பறிக்கப் பறிக்கப் பூக்கிறவைதான் நிறைய. பலகை வேண்டுமென்றால் ஒவ்வொரு செடியின் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், அதை வைத்து எந்த வகுப்பில் என்ன பாடம் நடத்தலாம் என்று சின்னச் சின்னத் தகடாக எழுதி வையுங்கள். இப்போதிருக்கும் அறிவியல் ஆசிரியரை உட்கார வைத்து எழுதினால் அவருக்கும் பாத்தி தன்னுடையது என்று தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றாவிட்டால் நீங்கள் எத்தனை செடி வைத்தும் பயனில்லை.

நடவுக்குப் புரட்டாசிக் கடைசி சரியான நேரம். நம் மாநிலத்துக்குக் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதை ஒட்டியும்தான் பெய்கிறது. அந்த மழையைக் குடித்து வேர் இறங்கிய செடிக்கு ஏப்ரல் வருவதற்குள் ஆறு மாத வயதாகியிருக்கும். மே மாதம் நட்ட செடிக்கு வேர் இறங்க நேரமேது? மேயில் கல்லைத் திறந்துவிட்டு, பாத்தியை வெட்டி எருப்போட்டு ஆறப்போடுங்கள். உள்ளூரில் இருக்கும் நாலு பேர் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வந்து நட்டால் போதும், அதற்கு ஐம்பது பேர் எதற்கு? நட்டதும் வேப்பஞ்சருகோ தென்னை நாரோ மூன்று அங்குலத்துக்கு மண்ணை மூடிப் பரப்புங்கள். மெருகில்லாத மண்பானை இரண்டை வாய் மட்டும் வெளியே தெரியப் பாத்திக்குள் புதைத்து, சில்லால் மூடி வையுங்கள்; வாரத்துக்கு இரண்டு தடவை பானையை நிரப்பினால் கசிந்து கசிந்து வேரை நனைத்துக்கொண்டிருக்கும். முதல் கோடைக்கு இது கட்டாயம். அடுத்த கோடையிலிருந்து வாரம் ஒரு முறை போதும், கனகாம்பரத்துக்கு மட்டும் கூட ஒரு குடம்.

அந்தப் பானையை யார் நிரப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் ஜூனிலிருந்து ஏப்ரல் வரை பார்த்துக்கொள்ளும், நம்பலாம். விடுமுறையில் வளாகத்துக்குள் வருகிறவர் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர்தான். அவரிடம் "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கிரானைட்டுக்கு ஒதுக்கிய தொகையில் கால் பங்கைக் குறைத்தாலே பல கோடைகளுக்கு அவருக்கு மாதச் சம்பளமாகக் கொடுக்கலாம். சிறு தொகைதான், ஆனால் முன்கூட்டியே, கையில். அவருக்கு எந்தச் செடிக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். நடும் அன்றைக்கு அவரும் ஒரு செடி வைக்கட்டும். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி வாங்கும்போதே, விடுமுறையில் குழாய் மோட்டார் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதில் எழுதி வாங்கிவிடுங்கள். தலைமையாசிரியர்கள் மாறுவார்கள், காகிதம் இருக்கும்.

நர்சரியில் வாங்க வேண்டியது இட்லிப்பூ நான்கும் ரியோவும் மட்டும்தான். பூ இல்லாத, சின்ன, தண்டு தடித்த கன்றாக எடுங்கள். பைக்கு அடியில் வேர் சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். செம்பருத்தி, கனகாம்பரம், சங்குப்பூ விதை மூன்றும் உங்கள் குழுவில் யார் வீட்டிலாவது கட்டாயம் இருக்கும். மழை லில்லிக் கிழங்கும் டிசம்பர் பூவும் என் வீட்டில் இருக்கின்றன. டிசம்பர் பூவை ஆனி, ஆடியில் துண்டு வெட்டிப் பையில் வைத்தால்தான் புரட்டாசிக்குள் வேர்விடும். ஆனி மாதம் யாராவது ஒருவர் வாருங்கள், மண் நிரப்பிய பை ஆறோ ஏழோ எடுத்துக்கொண்டு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தோட்டக்கலைக்காரர் ஒருவர்
சிவகங்கை மாவட்டம்